அனாஹைம் மாநாடும் எங்கள் சமய வகுப்பும்

(நூற்றாண்டு விழாவை ஒட்டி நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



இந்த விழாவில் பேச வேண்டும் என்று சங்கத்திலிருந்து கேட்டபோது, டெங்குக் காய்ச்சலைப் பற்றியோ நீரிழிவைப் பற்றியோதான் பேசச் சொல்வார்கள் என்று நினைத்தோம். வைத்தியர் ஒருவரை மேடைக்குக் கூப்பிட்டால் வழமையாக அதுதான் நடக்கும். ஆனால், "உங்களுக்கு விருப்பமானதைப் பேசுங்கோ" என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே நீரிழிவு இன்றைக்குத் தப்பிவிட்டது. சிற்றுண்டி மேசையில் இருக்கும் பயற்றம் பணியாரத்தை எல்லோரும் நிம்மதியாகச் சாப்பிடலாம்.

இந்த உரையில் 'நாங்கள்' என்று வரும் இடமெல்லாம் மூன்று பேரைக் குறிக்கும். ஆண்டு 6 இலிருந்து ஒரே வாங்கில் இருந்த மூன்று பேர். ஒருத்தி உங்கள் முன் நிற்கும் வைத்தியர். மற்றவள் ரொறொன்ரோவில் தன் பங்கின் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் படிப்பிப்பவள். மூன்றாமவள் கலிபோர்னியாவில் கணக்காளர், அவள் சைவம். பேசுகின்ற வாய் ஒன்றாக இருந்தாலும், இதை எழுதியது மூன்று பேரும் சேர்ந்துதான். எத்தனையோ இரவுகள் தொலைபேசியில் சண்டை பிடித்துத்தான் எழுதினோம்.

2024 பெப்ரவரியில், விபூதிப் புதன் கழிந்த கையோடு, நாங்கள் மூவரும் அமெரிக்காவின் அனாஹைம் நகரில் நடந்த மறைக்கல்வி மாநாட்டுக்குப் போனோம். லொஸ் ஏஞ்சல்ஸ் உயர்மறைமாவட்டம் ஆண்டுதோறும் நடத்தும் மாநாடு அது. 1956 இல் சில நூறு மறையாசிரியர்களுக்கான பயிற்சியாகத் தொடங்கி, இன்று பல்லாயிரம் பேர் கூடும் இடமாகிவிட்டது. வியாழக்கிழமை இளையோருக்கான நாள். வெள்ளி, சனி, ஞாயிறு பெரியவர்களுக்கு. ஆங்கிலம், ஸ்பானியம், வியட்நாமியம் ஆகிய மூன்று மொழிகளிலும் அமர்வுகள் நடக்கின்றன. ஒரே நேரத்தில் பல அறைகளில் பல தலைப்புகள் ஓடுவதால் எதற்குப் போவது, எதை விடுவது என்பதே பெரிய தலையிடி.

உண்மையைச் சொன்னால், நாங்கள் பக்தியினால் மட்டும் போகவில்லை. ரொறொன்ரோக்காரியை அவளுடைய பங்கு அனுப்பியது. "நீ அவ்வளவு தூரம் வாறாய் எண்டால் நாங்களும் வாறம்" என்று மற்ற இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டோம். இருபது வருடத்துக்கு மேலாக மூன்று பேரும் ஒரு கூரையின் கீழ் படுத்ததில்லை. அதுதான் எங்களுக்கு முதல் காரணம்.

மாநாட்டு மண்டபத்துக்கு அருகிலேயே டிஸ்னிலாந்து இருக்கிறது. காலையில் ஹொட்டேல் மின்தூக்கியில் ஏறினால் ஒரு பக்கம் எலிக் காது வைத்த தொப்பியோடு சின்னப் பிள்ளைகள், மறுபக்கம் கன்னியாஸ்திரிமார். இரண்டு கூட்டமும் ஒரே உற்சாகத்தோடு வெளியே போகும். மண்டபத்துக்குள்ளே போனால் கண்காட்சிப் பகுதி மட்டும் ஒரு சந்தை மாதிரி. புத்தகம் விற்பவர்கள், செபமாலை விற்பவர்கள், பூசை உடுப்பு விற்பவர்கள், பாட்டுக்காரர், பல்கலைக்கழகங்கள், துறவற சபைகள். ஆவணித் திருவிழாவில் மடுவில் வீதி நீளத்துக்குப் போடும் கடைகளைக் கூரைக்குக் கீழே கொண்டு வந்து குளிரூட்டி வைத்தது போல இருந்தது. எங்கள் கணக்காளர் சுற்றிப் பார்த்துவிட்டு, "நல்லூர்த் திருவிழாவிலை கச்சானும் இருக்கும். இங்கை அதுதான் குறை" என்றாள்.

ஆனால் அந்தச் சந்தைக்கு அப்பால் நாங்கள் கண்டவை சாதாரணமானவை அல்ல. அரங்கில் நடக்கும் பெரிய பூசைகளில் காது கேளாதோருக்காகச் சைகை மொழியில் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பாட்டையும் கையால் பாடினார்கள். ஓர் அமர்வில் எங்களுக்கு முன் வரிசையில் இருந்தவர்கள் பாதிப்பேர் ஓய்வுபெற்ற பாட்டிமார். எல்லோரும் சம்பளமில்லாமல் தங்கள் பங்கில் ஞாயிறு வகுப்பு எடுப்பவர்கள். கையில் கொப்பி, காலில் நடக்கத் தோதான சப்பாத்து, பையில் கட்டிக்கொண்டு வந்த சாப்பாடு. நான்கு நாள் கேட்டு எழுதிக்கொண்டு போய், பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் இருக்கும் ஒரு சின்ன அறையில் படிப்பிக்கப் போகிறார்கள். பரிசுத்த பாப்பரசர் பிரான்சிஸ் 2021 மே மாதத்தில் மறைக்கல்வி ஆசிரியப் பணியைத் திருச்சபையின் முறையான ஒரு பணியாக ஏற்படுத்தினார். அந்தப் பணி யாருடைய தோளில் நிற்கிறது என்பதை அந்தப் பாட்டிமாரைப் பார்த்தபோதுதான் விளங்கியது.

வியட்நாமிய மொழிப் பூசைக்கும் போனோம். ஒரு சொல் விளங்கவில்லை, ஆனாலும் அந்நியமாக இருக்கவில்லை. அனாஹைமுக்குப் பக்கத்திலேதான், வெஸ்ற்மின்ஸ்ரர், கார்டன் குரோவ் பகுதிகளில், சின்ன சைகோன் என்று சொல்லப்படும் ஊர் இருக்கிறது. 1975 இல் சைகோன் வீழ்ந்த பிறகு அகதிகளாக வந்தவர்கள் கட்டியெழுப்பிய ஊர். எங்களுக்குப் பக்கத்தில் இருந்த அம்மா படகில் வந்தவர். அவரும் மறையாசிரியைதான். பூசை முடிய, லாவாங் மாதாவைப் பற்றிச் சொன்னார். 1798 இல், கலாபனைக்குப் பயந்து காட்டுக்குள் ஒளித்திருந்த கத்தோலிக்கருக்கு மாதா காட்சி கொடுத்ததாக அவர்களுடைய மரபு சொல்கிறது. நாங்கள் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். ஒல்லாந்தர் காலத்துக் கலாபனையில் மாந்தையிலிருந்து மாதாவின் திருச்சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போன எங்கள் சனத்தின் கதையும் அதுதானே. மடு என்ற பெயரை அந்த அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தோம். அவர் இரண்டு தரம் சொல்லிப் பார்த்து, கொப்பியில் எழுதிக்கொண்டார்.

பிறகு அவர் எங்களிடம் ஒரு கேள்வி கேட்டார். "உங்கள் வகுப்பில் பிள்ளைகள் வீட்டுக் கதையைச் சொல்லுவார்களா?" தன் வகுப்பில் முதலாவது பாடம் அதுதானாம். ஒவ்வொரு பிள்ளையும் பாட்டியிடம் கேட்டு, குடும்பம் எப்படித் தப்பி வந்தது, வழியில் யாரை இழந்தது என்று வந்து சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் வேதாகமத்தைத் திறப்பாராம்.

நாங்கள் பதில் சொல்லவில்லை. சொல்ல எங்களிடம் பதில் இருக்கவில்லை.

இனிச் சொல்லப் போவதற்காகத்தான் இந்த மேடைக்கு வந்தோம்.

சனிக்கிழமை பின்னேரம், உறவினரை இழந்த பிள்ளைகளோடு எப்படிக் கதைப்பது என்ற ஓர் அமர்வுக்குப் போனோம். நடத்தியவர் சிறுவர் வைத்தியசாலையில் பல வருடம் வேலை செய்த ஒரு பெண். அவர் சொன்னவற்றில் பல எங்களுக்குப் புத்தகத்தில் தெரிந்தவைதான். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குச் சாவு என்பது திரும்பி வராத ஒன்று என்பது விளங்காது. "அப்பா நித்திரை" என்று சொன்னால் அந்தப் பிள்ளை இரவில் நித்திரை கொள்ளப் பயப்படும். "பயணம் போயிட்டார்" என்றால் படலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். செத்துப்போனார் என்ற சொல்லைச் சொல்ல வேண்டும். கொஞ்சம் வளர்ந்த பிள்ளை, தான் கோபத்தில் நினைத்த நினைப்பால்தான் அவர் செத்தார் என்று தனக்குள் முடிவு செய்துகொள்ளும். கேட்காவிட்டால் அது வெளியே வராது. ஒரே கேள்வியைப் பத்துத் தரம் கேட்டால் பத்துத் தரமும் பதில் சொல்ல வேண்டும்.

பிறகு, மறையாசிரியர்கள் நல்ல மனத்தோடு சொல்லிப் பிள்ளையைக் காயப்படுத்தும் வசனங்களைப் பலகையில் எழுதினார். 'ஆண்டவருக்கு அவரில் விருப்பம், அதனால் எடுத்துக்கொண்டார்.' இதைக் கேட்கும் பிள்ளை ஆண்டவருக்கு விருப்பமானவளாக இருக்கவே பயப்படும். 'எல்லாம் நன்மைக்கே.' 'அழாதே, அவர் மோட்சத்தில்.' 'அப்படிக் கேட்கக் கூடாது.'

அந்தக் கடைசி வசனத்தில் எங்கள் மூன்று பேருக்கும் மூச்சு நின்றது.

1993. ஆண்டு 8. மின்சாரம் இல்லாத காலம். ஜாம் போத்தல் விளக்கில் படித்த காலம். எங்கள் வகுப்பில் ஒருத்தியின் தம்பி விமானக் குண்டுவீச்சில் செத்துப்போனான். எட்டு வயதுப் பொடியன். அவள் இரண்டு கிழமைக்குப் பிறகு பாடசாலைக்கு வந்தாள். அன்றைக்குச் சமய பாடம் இருந்தது. சைவநெறிக்குப் போகிற பிள்ளைகள் மற்ற அறைக்குப் போக, நாங்கள் வகுப்பிலேயே இருந்தோம். பாடம் கடவுளின் பராமரிப்பைப் பற்றியது. அவள் எழும்பி நின்று கேட்டாள்.

"என்ரை தம்பி என்ன பிழை செய்தவன், சிஸ்டர்?"

சிஸ்டர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்பிடிக் கேக்கக் கூடாது, பிள்ளை. இருங்கோ. அவனுக்காகச் செபிப்பம்" என்றார். நாங்கள் எல்லோரும் எழும்பி ஒரு பரலோக மந்திரம், ஒரு அருள்நிறை மந்திரம் சொன்னோம். பாடம் தொடர்ந்தது. அவள் இருந்தாள். அதற்குப் பிறகு எந்தப் பாடத்திலும் அவள் கேள்வி கேட்டு நாங்கள் காணவில்லை.

அந்தச் சிஸ்டரில் பிழை சொல்ல நாங்கள் இங்கே வரவில்லை. அவர் எங்களைப் பதுங்குகுழிக்குள் இறக்கிவிட்டுத் தான் கடைசியாக இறங்கியவர். 1995 ஒக்டோபர் கடைசியில் ஊரே இடம்பெயர்ந்தபோது, வயோதிபச் சிஸ்டர் ஒருவரைச் சைக்கிள் கரியரில் வைத்து உருட்டிக்கொண்டு போனதைக் கண்டவர்கள் இந்த மண்டபத்திலும் இருக்கிறார்கள். அவருக்கும் யாரும் அப்படித்தான் படிப்பித்திருப்பார்கள். எங்கள் அம்மம்மா காலத்துச் சின்னக் குறிப்பிடத்தில் கேள்வியும் அச்சில் இருந்தது, பதிலும் அச்சில் இருந்தது. பிள்ளை இரண்டையும் பாடமாக்கினால் போதும். அச்சில் இல்லாத கேள்வி ஒன்று வகுப்பில் எழும்பி நின்றால் என்ன செய்வது என்று அந்தச் சிஸ்டருக்கு ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவருடைய அந்தக் கொஞ்ச நேர மௌனம், இப்போது நினைத்தால், அவருக்கும் அதே கேள்வி இருந்ததால் வந்த மௌனம் போலத்தான் தெரிகிறது.

எங்களுடைய குற்றம் வேறு. அன்றைக்கு இடைவேளையில் அவள் வேப்பமரத்துக்குக் கீழே தனியாக இருந்தாள். நாங்கள் போகவில்லை. என்ன கதைப்பது என்று தெரியாததால் போகவில்லை. அடுத்த நாளும் போகவில்லை. பிறகு போகாமல் இருப்பது பழகிவிட்டது.

அனாஹைமில் அந்த அமர்வின் முடிவில் நடத்தியவர் ஒரு பயிற்சி தந்தார். "உங்கள் சின்ன வயதில் செத்துப்போன, ஒருவரும் கதைக்காமல் விட்ட ஒருவருடைய பெயரைப் பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லுங்கள்." அறை முழுவதும் மெல்லிய குரல்கள் எழும்பின. சிலர் அழுதார்கள். எங்கள் ரொறொன்ரோக்காரி திரும்பி, "அவளின்ரை தம்பி" என்றாள்.

"பேர் என்ன?" என்று சைவக்காரி கேட்டாள்.

எங்களுக்குத் தெரியவில்லை. அவனுக்காக மந்திரம் சொன்னோம். அவனுடைய பெயரைக் கேட்கவில்லை.

அன்றிரவு ஹொட்டேல் அறையில் ஒருவரும் சாப்பிடவில்லை. சைவக்காரிதான் முதலில் வாய் திறந்தாள். "நாங்கள் மற்ற அறைக்குப் போனனாங்கள் எண்டு தப்பேலாது. அண்டைக்கு எங்கடை வகுப்பிலையும் ஒருத்தி அவனைப் பற்றிக் கதைச்சவள். 'முன்வினை' எண்ட ஒரு சொல்லோடை அதை முடிச்சுப் போட்டம். உங்களுக்குக் கேக்கக் கூடாத கேள்வி, எங்களுக்குப் பதில் ஏற்கனவே தெரிஞ்ச கேள்வி. ரெண்டும் ஒண்டுதான்." முப்பது வருடம் கழித்து, பக்கத்து அறையில் என்ன நடந்தது என்று நாங்கள் அப்போதுதான் அறிந்தோம். ஒரே பாடசாலை, ஒரே மணி, இரண்டு அறை. இரண்டு அறையிலும் பிள்ளையின் கேள்விக்கு இடம் இருக்கவில்லை.

அவளைத் தேடினோம். இரண்டு மூன்று பேரிடம் கேட்டு, ஐரோப்பாவில் இருக்கிறாள் என்று அறிந்து, இலக்கம் எடுத்துக் கூப்பிட்டோம். அங்கே ஞாயிறு காலை. மூன்று பேரும் ஒரே தொலைபேசிக்குக் குனிந்து, சுகம் கேட்டு, பிள்ளைகளைப் பற்றிக் கேட்டு, பிறகு ஒருத்தி தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "உன்ரை தம்பியின்ரை பேர் என்ன?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. இணைப்பு அறுந்துவிட்டது என்று நினைத்தோம். பிறகு பெயரைச் சொன்னாள். பெயரோடு நிற்கவில்லை. மின்சாரம் இல்லாத அந்த நாளில், அவளுக்கு வானொலியில் பாட்டுக் கேட்பதற்காகத் தம்பி சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைச் சுற்றுவானாம். டைனமோவில்தான் வானொலி வேலை செய்யும். கை உளைந்தால் வேகம் குறையும், பாட்டு இழுக்கும். அவள் ஏசுவாளாம். "கடைசியா அவனோடை கதைச்சதும் அந்த ஏச்சுத்தான்" என்றாள். அதற்காகத்தான் அவன் செத்தான் என்று பல வருடம் நினைத்திருந்தாளாம். பதின்மூன்று வயதில் அந்த நினைப்பைச் சுமந்துகொண்டுதான் அவள் எழும்பி நின்று, தம்பி என்ன பிழை செய்தவன் என்று கேட்டிருக்கிறாள். அவள் கேட்டது தன்னுடைய பிழையைப் பற்றி. அன்றைக்கு யாராவது பக்கத்தில் இருந்து, "ஏன் அப்பிடிக் கேக்கிறாய்?" என்று ஒரு சொல் கேட்டிருந்தால் அது வெளியே வந்திருக்கும்.

எங்களில் ஒருத்தி வைத்தியர். நோயாளி வாய் திறந்து ஒன்றைக் கேட்டால், அந்தக் கேள்விக்குப் பின்னால் வேறொரு கேள்வி இருக்கும் என்பதை வைத்தியத்தில் முதலாம் பாடமாகப் படிக்கிறோம். 'இந்தக் குளிசையைச் சாப்பாட்டுக்கு முன்னுக்கோ பின்னுக்கோ?' என்று கேட்கும் அம்மா, 'நான் தப்புவேனோ?' என்று கேட்கிறார். விடுதியில் இதைத் தினமும் செய்கிற கை, பழைய சிநேகிதிக்குத் தொலைபேசி எடுக்க முப்பது வருடம் ஆனது.

"இந்தக் கதையைச் சொல்லுங்கோ, பேரை மட்டும் சொல்லாதேங்கோ" என்று அவள் அனுமதி தந்தபடியால் சொல்லுகிறோம். அவள் இந்த மலரை வாசிப்பாள்.

அந்த மாநாட்டை நடத்துகிற உயர்மறைமாவட்டத்தைப் பற்றியும் ஒன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையில்லை. குருக்களாலும் பிறராலும் சிறு வயதில் துஷ்பிரயோகத்துக்கு ஆளானவர்களுக்கு, 2007 இல் அது 660 மில்லியன் டொலர் இழப்பீட்டுக்கு உடன்பட்டது. நாங்கள் போய் வந்த அதே 2024 இன் ஒக்டோபரில் மேலும் 1,353 பேருக்காக 880 மில்லியன் டொலருக்கு உடன்பட்டது. பிள்ளைகள் எத்தனையோ பேர் அந்தந்த நேரத்தில் யாருக்காவது சொல்லிப் பார்த்தவர்கள். 'அப்படிச் சொல்லக் கூடாது' என்று அடக்கப்பட்டவர்கள். பிள்ளையின் வாயை மூடுவது பக்தி போலத் தோன்றும். அதற்குள்ளே எவ்வளவு அழிவு ஒளித்திருக்க முடியும் என்பதற்கு இந்தத் தொகைகளை விடச் சாட்சி வேண்டியதில்லை. நம்பிக்கையைக் கற்பிக்கும் எந்த இடத்திலும், அது கோவிலாக இருந்தாலும் மடமாக இருந்தாலும் பள்ளிவாசலாக இருந்தாலும், பிள்ளை பயமில்லாமல் வாய் திறக்க முடியாவிட்டால் அங்கே நம்பிக்கை வளராது.

எங்கள் பிள்ளைகளிடம் இன்றைக்கும் இந்தக் கேள்விகள் இருக்கின்றன. யுத்தம் முடிந்து பதினைந்து வருடத்துக்கு மேல் போய்விட்டது என்று சொல்லித் தட்டிவிட முடியாது. 2019 உயிர்த்த ஞாயிறு அன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் செத்தவர்களில் பலர், ஞாயிறு பாடசாலை முடிந்து வெளியே நின்ற பிள்ளைகள். அவர்களோடு படித்தவர்கள் இப்போது உயர்தரம் எடுக்கும் வயதில் இருக்கிறார்கள். கடலுக்குப் போய்த் திரும்பாத அப்பாவின் பிள்ளை, வெளிநாட்டு வேலைக்குப் போன அம்மாவின் பிள்ளை, தற்கொலை நடந்த வீட்டின் பிள்ளை, இந்த மண்டபத்தின் பின்வாங்குகளிலேயே இருக்கலாம். அவர்கள் எழும்பிக் கேட்கும் நாளில் ஆசிரியை என்ன செய்யப் போகிறார்?

பரிசும் கேடயமும் கொடுக்கும் சங்கம் எங்கள் சங்கம். நல்லது, தொடரட்டும். அவற்றோடு மூன்று சின்ன விடயங்களை முன்வைக்கிறோம்.

ஒன்று. தவணைக்கு ஒரு சமய பாடம், கத்தோலிக்கமாக இருந்தாலும் சைவமாக இருந்தாலும் வேறு எந்தச் சமயமாக இருந்தாலும், புத்தகம் மூடிய பாடமாக இருக்கட்டும். பிள்ளைகள் பெயர் போடாமல் கடதாசித் துண்டில் கேள்வியை எழுதிப் பெட்டிக்குள் போடட்டும். ஆசிரியைக்குப் பதில் தெரியாவிட்டால், "எனக்கும் தெரியாது, நானும் அதை யோசிக்கிறனான்" என்று சொல்லலாம். அந்தப் பதிலை ஒரு பிள்ளையும் மறக்காது.

இரண்டு. ஓகஸ்ட் விடுமுறையில் இரண்டு நாள், சமய பாட ஆசிரியைகளுக்கும் வகுப்பாசிரியைகளுக்கும் ஒரு பயிற்சி. இழப்பில் இருக்கும் பிள்ளையோடு கதைப்பது எப்படி, எந்தப் பிள்ளையை உளவைத்தியரிடம் அனுப்ப வேண்டும் என்பதை எப்படி அறிவது என்ற இரண்டு விடயத்துக்கும் மட்டும். எங்கள் பழைய மாணவிகளில் வைத்தியர்களும் உளவளத்துணையாளர்களும் போதிய அளவு இருக்கிறோம். வெளியே ஆள் தேடத் தேவையில்லை. முதலாவது ஆண்டின் செலவை எங்கள் வகுப்பு ஏற்கிறது. எங்கள் கணக்காளர் கணக்கும் போட்டுத் தந்துவிட்டாள்.

மூன்று. ஒரு பெயர்ப் புத்தகம். இந்த நூறு வருடத்தில் இங்கே படித்து, படிப்பு முடியாமலே செத்துப்போன பிள்ளைகளின் பெயர்கள். காய்ச்சலில் போனவர்கள், குண்டில் போனவர்கள், கடலில் போனவர்கள், காணாமல் போனவர்கள், எப்படிப் போனார்கள் என்று சொல்ல விரும்பாதவர்கள், எல்லோரும். அவர்களோடு, எங்களோடு படித்தவர்களின் தம்பிமார் தங்கைமாரும். பாடசாலைப் பதிவேடுகள் பல இடப்பெயர்வில் போய்விட்டன. ஆகவே இது எங்கள் நினைவிலிருந்துதான் எழுத வேண்டிய புத்தகம். இந்த மலர் எந்த நாட்டில் எந்தப் பழைய மாணவியின் கையில் கிடைத்தாலும், அவர் ஒரு பெயரை அனுப்பட்டும். பெயர், படித்த வகுப்பு, நினைவில் நிற்கும் ஒரு விடயம். நன்றாகப் பாடுவாள், கணக்கில் கெட்டி, மதிலேறி மாங்காய் பறிப்பாள், அப்படி ஒரு வரி போதும். சமயம் கேட்கப் போவதில்லை. சங்கத்துக்கு எழுதுங்கள்.

முதலாவது பெயர் எங்களுக்குக் கிடைத்துவிட்டது. அக்கா பாட்டுக் கேட்பதற்காகப் பெடல் சுற்றியவன் என்று அதற்குப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறோம். அக்காதான் அந்த வரியைச் சொன்னாள்.

தங்கைமாரே, உங்களுக்கு ஒரு சொல். வகுப்பில் கேள்வி ஒன்று வந்தால் எழும்பிக் கேளுங்கள். எழும்ப முடியாவிட்டால் எழுதிப் பெட்டிக்குள் போடுங்கள். உங்கள் வகுப்பில் ஒருத்தி கேட்டுவிட்டு இடைவேளையில் மரத்தடியில் தனியாக இருந்தால், போய்ப் பக்கத்தில் இருங்கள். என்ன கதைப்பது என்று தெரியாவிட்டால் கவலைப்படாதேங்கோ. பெயரைக் கேளுங்கள். எங்களுக்கு அதைப் படிக்க முப்பது வருடமும் ஒரு கடலும் தாண்ட வேண்டியிருந்தது. உங்களுக்கு வேப்பமரம் வரைக்கும் நடந்தால் போதும்.